ஒரு சிறுமியின் உபாயங்கள்

விழா மலர் என்றால் அதிற் புகழ்பெற்ற பழைய மாணவர்களின் வரலாறுகளும், விளையாட்டரங்கில் ஈட்டிய வெற்றிகளும், மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளுக்குச் செலுத்தும் அஞ்சலிகளும் இடம்பெறுதல் மரபு. அம்மரபு நன்று. ஆயின் நமது கல்லூரியின் வாங்கில் ஒருநாளும் அமர்ந்தறியாத, ஆண்பிள்ளைகளின் கல்லூரியாதலால் இனியும் அமர இயலாத, ஒரு சிறுமியைப் பற்றிச் சில பக்கங்கள் எழுத அன்பர்கள் எனக்கு இடந்தரல் வேண்டும். அவள் என் மகளின் மகள். அவளைப் புகழ்வது என் நோக்கமன்று. பேரப்பிள்ளைகளைப் புகழாத கிழவர் உலகில் இல்லையாதலால் அப்புகழ்ச்சிக்கு விலையும் இல்லை. அவள் செய்த சிறு காரியங்கள் மூன்று, கல்வியைப் பற்றி நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்துவந்த ஒரு வினாவைக் கிளறிவிட்டன. அவ்வினா உங்களுக்கும் உரியது.

நாங்கள் குடியிருப்பது ஹெவ்லொக் டவுனில். 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய வீதியும் அதனைச் சூழ்ந்த பகுதியுமே இது. மேற்கே சற்று நடந்தால் பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும். கோவில் மணியும் கடற்காற்றும் எட்டும் தூரம். முற்றமும் மாமரமும் உடைய வீடுகள் நின்ற இடங்களில் இன்று மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. அத்தகைய ஒன்றில் நான்காம் மாடி எங்களுடையது.

2022 ஆம் ஆண்டில் நாட்டை வருத்திய பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திரார். எரிபொருளின்றி மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை சென்றது. மின்தூக்கி நின்றுவிடும், படிக்கட்டு இருண்டுவிடும். அப்போது பேத்திக்கு எட்டு வயது; அவள் தம்பிக்கு ஐந்து. இருட்டில் படியேற அவன் அஞ்சி அழுவான். தூக்கிச் செல்ல என் முழங்கால்கள் இடந்தரா. பெரியவர்கள் நாங்கள் “பயப்படாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவளோ ஒரு பகற்பொழுதிற் சென்று படிகளை எண்ணிவந்தாள். மாடியொன்றுக்குப் பதினெட்டுப் படிகள். அன்று மாலை தம்பியின் கையைப் பிடித்து, ஒவ்வொரு தளத்திலும் பதினெட்டாம் வாய்ப்பாட்டில் ஒவ்வொரு வரியை உரக்கச் சொல்லிக்கொண்டு ஏறினாள்: பதினெட்டு, முப்பத்தாறு, ஐம்பத்துநான்கு, எழுபத்திரண்டு. எழுபத்திரண்டில் வீட்டு வாசல். இடையில் தம்பி எண்ணிக்கையைத் தவறவிட்டு மீண்டும் அழுதான். மறுநாள் அவள் ஒரு திருத்தஞ் செய்தாள்: எண்ணுவது அவள் வேலை, படி முடிந்து தளம் வரும்போது கைபிடிச் சட்டத்தைத் தட்டுவது அவன் வேலை. அதன்பின் அவன் அழவில்லை.

இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். “அம்மப்பா, அவனுக்கு இருட்டிலை பயமில்லை, எங்கை நிக்கிறம் எண்டு தெரியாததுதான் பயம்” என்றாள். அச்சத்தின் காரணத்தை ஆராய்ந்து நூல்கள் எழுதிய பேரறிஞர் பலர். அவள் அவற்றைப் படித்தவளல்லள். தம்பியின் கையைப் பிடித்திருந்தவள், அவ்வளவே.

இரண்டாவது உபாயம் விளக்கைப் பற்றியது. மின்னேற்றி வைக்கும் சிறு விளக்கொன்றே எங்களிடம் இருந்தது. அதனைச் சுற்றி இருவர் எழுதவும் ஒருவர் சமைக்கவும் வேண்டும். பேத்தி முதலில் விளக்கை அலுமாரிக் கண்ணாடியின் முன் வைத்தாள். விளக்கு இரண்டாகத் தோன்றியது; ஆனால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்தது. பின்பு பழைய கலண்டர்த் தாள்களைக் கழற்றி, அவற்றின் அச்சிடாத வெள்ளைப் புறத்தை விளக்கின் பின்னே விரித்து நிறுத்தினாள். மேசை முழுவதும் மெல்லிய வெளிச்சம் படர்ந்தது. வழவழப்பான பரப்பு ஒளியை ஒரு திசைக்கே திருப்பும் என்பதும், சொரசொரப்பான வெண்பரப்பு அதனைப் பல திசைகளிலும் சிதறச் செய்யும் என்பதும் நாம் பௌதிக வகுப்பிற் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்த செய்திகள். அவள் அவற்றைப் பெயரறியாமலே கண்டுகொண்டாள்.

மூன்றாவது காகங்களைப் பற்றியது. கொழும்புக் காகங்களின் குணம் யாவரும் அறிந்ததே. என் மனையாள் சுளகிற் காயவைக்கும் வேப்பம்பூ வடகத்திற் பாதி அவற்றுக்கே உணவாகும். பேத்தி மின்னும் தகரத் துண்டொன்றை முதலிற் கட்டித் தொங்கவிட்டாள். ஒருநாள் அஞ்சிய காகங்கள் மறுநாள் அதன் பக்கத்திலேயே வந்தமர்ந்தன. பிறகு, தம்பி குழந்தையாயிருந்தபோது அவன்மேற் கவிழ்த்த குடைபோன்ற நுளம்பு வலையைத் தேடியெடுத்துச் சுளகின்மேற் கவிழ்த்தாள். காற்று அதனைப் புரட்டியது. நான்கு பேணிகளில் நீர் நிரப்பி, விளிம்பின் உட்புறத்தில் நான்கு மூலைக்கும் பாரமாக வைத்தாள். வெயிலும் காற்றும் உட்புகுந்தன, காகம் புகவில்லை.

இவை அற்பமான செயல்கள் என்று சிலர் கூறுவர். அற்பமே. ஆயினும் மூன்றிலும் ஒரே ஒழுங்கு அமைந்திருத்தலை நோக்குக. பிறருக்கு நேர்ந்த இடரைத் தனதாகக் கொள்ளுதல். கைக்கெட்டிய பொருளை, அதன் பழைய பயனை மறந்து, புதிய கண்ணாற் பார்த்தல். முதல் முயற்சி பிழைத்தபோது நாணாமல் அதனைத் திருத்துதல். மூன்றாவதே தலையாயது. மூன்று உபாயங்களிலும் முதலிற் செய்தது பயன்படவில்லை. அதற்காக எவரும் அவளுக்குப் புள்ளி குறைக்கவில்லை. ஆகவே அவள் இரண்டாவதைச் செய்தாள்.

இவ்வொழுங்கு பெருஞ்செயல்களுக்கும் உரியதே. நமது வட்டாரத்துக்குப் பெயர் தந்த ஹெவ்லொக் துரை, இலங்கையை விட்டபின் 1896 முதல் 1900 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். அம்மாகாணத்துள் அடங்கியிருந்த திருவண்ணாமலையில், நமது காலத்தில், வினிஷா உமாசங்கர் என்னும் மாணவி வாழ்ந்தார். பன்னிரண்டு வயதளவில் அவர் தம் தெருவில் ஒரு காட்சியைக் கண்டார். தள்ளுவண்டியில் துணி மினுக்கும் தொழிலாளி ஒருவர், எரிந்து தீர்ந்த கரியை இஸ்திரிப்பெட்டியினின்று எடுத்துத் தெருவோரத்தில் உலரக் கொட்டிக்கொண்டிருந்தார். அன்றாடம் பல்லாயிரவர் காணும் காட்சி. அம்மாணவியோ அதனைக் கடந்து போகவில்லை. அக்கரிக்காக வெட்டப்படும் மரங்கள், நாள் முழுவதும் அப்புகையைச் சுவாசிக்கும் மனிதரின் நெஞ்சு, அது காற்றிற் கலந்து செய்யுங் கேடு ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணினார்.

அவர் வகுத்த பரிகாரம் சூரிய ஒளியால் இயங்கும் மினுக்கு வண்டி. மிதித்து ஓட்டிச் செல்லத்தக்க வண்டியின் கூரையிற் சூரியத் தகடுகள். அவை தரும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க மின்கலம். அதனால் இயங்கும் இஸ்திரிப்பெட்டி. ஐந்து மணி நேர வெயில், ஆறு மணி நேர வேலைக்குப் போதும் என்பது அவ்வமைப்பின் கணக்கு. வெயிலற்ற நாளிற் சாதாரண மின்சாரத்தாலும் மின்கலத்தை நிரப்பலாம். வண்டியிலேயே கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் வசதியை வைத்து, தொழிலாளிக்கு வேறொரு சிறு வருவாய்க்கும் வழிசெய்தார். புகையை நீக்க எண்ணியவர் அம்மனிதரின் வயிற்றையும் மறந்திலர் என்பதே இதில் என் உள்ளத்தைக் கவர்ந்தது. இடரை வெளியில் நின்று பார்ப்பவர் புகையை மட்டும் காண்பர். அருகில் நின்று பார்ப்பவரே வருவாயையும் காண்பர்.

இந்தியாவின் தேசிய புத்தாக்க நிறுவனம், பள்ளிப் பிள்ளைகளின் புதுக் கருத்துகளுக்கென அப்துல் கலாம் பெயரால் நடத்தும் போட்டியில், 2019 இல் அவர் பரிசு பெற்றார். மாதிரி வண்டியை ஆக்கவும் அந்நிறுவனம் துணைநின்றது. 2020 இற் சுவீடன் நாட்டுச் சிறுவர் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021 நவம்பரில், பதினைந்து வயதளவில், கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் நின்று, வெறும் வாக்குறுதிகளாற் பயனில்லை என்று துணிந்து கூறினார். திருவண்ணாமலைத் தெருவோரத்திற் கொட்டிய கரி அவரை அவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது.

கரி இஸ்திரிப்பெட்டி நமக்குப் புதிதன்று. மூடியிற் சேவல் உருவம் அமைந்த பித்தளைப் பெட்டியிற் சிரட்டைக்கரி இட்டு, விசிறி ஊதிக் கனலேற்றி, நமது வெள்ளைச் சீருடைகளை மினுக்கித் தந்த கைகளை மூத்தோர் நினைவுகூர்வர். மடிப்புக் குலையாத அச்சீருடையே நமது கல்லூரியின் பெருமைகளுள் ஒன்று. அக்கரியின் புகை எவர் நெஞ்சிற் படிந்தது என்று நம்முள் எவர் கேட்டோம்? கேட்கும் பழக்கம் எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்ததில்லை.

இன்னொரு சிறுமியைக் கூறுகிறேன். ஹெவ்லொக் வீதியில் இன்று வானளாவிய குடியிருப்புகள் நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூல் நெசவாலை இருந்தது. பாவுக்கும் ஊடைக்கும் இடையில் விரையும் நாடாவின் ஓசையை அறிந்தோர் நம்மிடையே உளர். அத்தகைய பஞ்சாலை ஒன்றில், அமெரிக்க நாட்டின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மார்கரெட் நைற் என்னும் ஏழைச் சிறுமி வேலை செய்தாள். சகோதரர்களுக்குப் பட்டமும் பனியிற் சறுக்கும் வண்டியும் செய்துகொடுத்துப் பழகிய கை அவளுடையது. பன்னிரண்டு வயதில், தறியினின்று தெறித்த உருக்குமுனை நாடா ஒரு தொழிலாளியைக் குத்தியதைக் கண்ணாற் கண்டாள். நாடா அவ்வாறு தெறிக்காவண்ணம் ஒரு காப்புப் பொறியைத் தானே வகுத்தாள். அதற்கு அவள் உரிமைப்பத்திரம் பெறவில்லை. பெறலாம் என்று அவ்வயதில் எவர் சொல்லியிருப்பர்?

அவர் வளர்ந்தபின், அடி தட்டையான கடதாசிப் பைகளைச் செய்யும் இயந்திரத்தை ஆக்கினார். அவ்வமைப்பைப் பார்த்துச் சென்ற ஒருவர் அதனைத் தமதென்று முந்திக்கொண்டார். நைற் வழக்காடினார், தாம் வரைந்த படங்களையும் குறிப்புகளையும் சான்றாக வைத்து வென்றார், 1871 இல் உரிமைப்பத்திரம் அவர் பெயருக்கே வழங்கப்பட்டது. கடையில் நாம் வாங்கும் தட்டையடிக் கடதாசிப் பையில் அச்சிறுமியின் கை இன்றும் இருக்கிறது.

இருளிற் படிப்பதற்கு என் பேத்தி கலண்டர்த் தாளை நாடினாள் அல்லவா? அதே இடரை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிறுமி பெக்கி ஷ்ரோடரும் கண்டாள். தாய் கடைக்குச் சென்ற வேளையிற் காரில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எழுதும் தாளே அடியிலிருந்து ஒளிவிட்டால் என்ன என்று எண்ணினாள். ஒளியை உள்வாங்கி இருளில் மெல்ல வெளிவிடும் பூச்சை ஒரு பலகையிற் பூசி, அதனைத் தாளின்கீழ் வைத்தாள். 1974 இல், பன்னிரண்டு வயதில், அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றாள்.

இச்சிறுமியர் யாவரும் ஒருபுறம் இருக்க, இங்கே நான் முதன்மையாகப் போற்ற விரும்புவது ஒரு கிழவரை. 1930 மார்ச் மாதத்தில் ஓக்ஸ்போட் நகரில் ஒரு காலையுணவு மேசையில், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட கோளொன்றைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையினின்று படித்துக் காட்டினார் போல்கனர் மாடன் என்னும் முதியவர். அந்நகரத்துப் பொட்லியன் நூலகத்தின் தலைவராயிருந்து ஓய்வுபெற்றவர். மேசையில் இருந்த பேத்தி வெனீஷியா பேர்ணிக்குப் பதினொரு வயது. ஞாயிற்றினின்று நெடுந்தொலைவில் இருண்டு கிடக்கும் அக்கோளுக்குக் கீழுலகத் தெய்வத்தின் பெயர் பொருந்தும் என்று கருதி, “புளூட்டோ என்று பெயரிடலாமே” என்றாள்.

பெரும்பாலான பாட்டன்மார் சிரித்து, தேநீரைக் குடித்து, பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பர். மாடன் அச்சொல்லைத் தம் நண்பரும் வானியற் பேராசிரியருமான ஹேர்பேட் ஹோல் ரேணரிடம் கொண்டுசென்றார். பேராசிரியர் அதனைத் தந்தி மூலம் அமெரிக்காவின் லொவெல் வானாய்வு நிலையத்துக்கு அனுப்பினார். 1930 மே முதலாந் திகதி அப்பெயர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பேத்திக்குப் பாட்டனார் ஐந்து பவுண் பரிசளித்தார். 2006 இல் வானியலார் புளூட்டோவைக் குறுங்கோளாக வகைப்படுத்தினர். ஆயினும் பெயர் அவள் இட்டதே.

சிறுமியின் கற்பனை ஒரு பங்கு. அதனைச் செவிமடுத்து உரிய இடத்துக்குக் கொண்டுசென்ற பெரியவரின் முயற்சி மறு பங்கு. செவிமடுப்பார் இல்லாமையால் காலைத் தேநீரோடு ஆறிப்போன கருத்துகள் எத்தனை கோடியோ! அவற்றுக்கு வரலாறு எழுதுவார் இல்லை.

இனி என் வினாவுக்கு வருகிறேன். மின்வெட்டுக் காலம் கழிந்து ஈராண்டில் என் பேத்தி ஐந்தாந் தரத்தை அடைந்தாள். புலமைப்பரிசிற் பரீட்சை அண்மித்தது. ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளின் திறமையைக் கண்டறிந்து நல்ல பாடசாலைகளுக்கு உயர்த்தும் உன்னத நோக்குடன், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்கள் எழுந்த 1940 களில் வித்திடப்பட்ட பரீட்சை அது. அந்நோக்கத்தை நான் வணங்குகிறேன். ஆனால் நகரத்துப் பிள்ளைகளுக்கு அது இன்று என்னவாயிற்று என்பதைப் பெற்றோர் அறிவர். பாடசாலை விட்டபின் தனியார் வகுப்பு. அதன்பின் இன்னொரு வகுப்பு. சனியும் ஞாயிறும் மாதிரி வினாத்தாள்.

ஞாயிறு காலையையும் மற்றொரு வகுப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று என் மகள் எண்ணினாள். அவளிற் குறை காண்பதற்கில்லை. “அப்பா, எல்லாப் பிள்ளைகளும் போகினம். இவள் மட்டும் பின்னுக்கு நிண்டால் நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது?” என்றாள். தாயின் அச்சம் அது. அதுவும் இருட்டிற் படியேறும் அச்சமே. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமையாற் பிறந்தது. புள்ளிகள் அவளுக்கு அப்படிகளின் எண்ணிக்கை.

நான் வாதாடவில்லை. மேசையில் ஒரு தாளை வைத்து, படிக்கட்டு, விளக்கு, காகம் என்ற மூன்றையும் எழுதி, இவை எந்த நாள், எந்த நேரத்திற் செய்யப்பட்டவை என்று மட்டும் கேட்டேன். மூன்றும் எவரும் எதுவும் கற்பியாத ஓய்வு வேளையில் நிகழ்ந்தவை. மகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். முடிவில் ஞாயிறு காலை பிள்ளைக்கே விடப்பட்டது. மற்றை வகுப்புகள் தொடர்ந்தன, அதுவும் நியாயமே. பரீட்சையில் அவள் எத்தனை புள்ளி பெற்றாள் என்பதை இங்கே எழுதேன். எழுதினால் வாசிக்கும் நீங்களும் அதனைக் கொண்டே இக்கட்டுரையை அளப்பீர்கள்.

பரீட்சைகள் வேண்டாம் என்பது என் கொள்கையன்று. அவற்றின் வழியாகவே நம்மிற் பலர் குடிசையினின்று உயர் பதவிகளுக்கு ஏறினோம். ஆனால் பரீட்சை, பிறர் வகுத்த வினாவுக்கு விடை காணும் ஆற்றலை அளப்பது. வினாவைத் தானே காணும் ஆற்றலை அளப்பதற்கு அதனிடம் கோல் இல்லை. திருவண்ணாமலைத் தெருவோரத்தில் எவரும் வினாத்தாள் வைத்திருக்கவில்லை.

ஆதலின் இவ்விழாக் காலத்திற் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் வழங்கும் பரிசுகளோடு மற்றொன்றையும் சேர்த்தல் வேண்டும். வீட்டிலோ வீதியிலோ ஒரு பிள்ளை கண்ட இடர் யாது. அதற்கு அப்பிள்ளை செய்துபார்த்த பரிகாரம் யாது. முதலிற் பிழைத்தது எது. பின்னர்த் திருத்தியது எது. இந்நான்கையும் இரு பக்கத்தில் எழுதி, செய்த பொருளையும் கொண்டுவந்து காட்டினாற் போதும். புள்ளி வேண்டாம்; தர வரிசையும் வேண்டாம். நமது மாணவர்க்கு மட்டுமன்றி, அவர்களின் சகோதரிகளுக்கும் நம் புதல்வியர் பேத்தியர்க்கும் அவ்வாசல் திறந்திருத்தல் வேண்டும். பரிசு ஒரு நல்ல நூலாயிருக்கட்டும். நம்முள் பொறியியலாளர் உளர், மருத்துவர் உளர், வழக்கறிஞர் உளர், பட்டறை நடத்துவோரும் உளர். மாடன் தம் நண்பரிடம் சென்றதுபோல, பிள்ளையின் சொல்லை உரியவரிடம் கொண்டுசெல்ல இதனினும் வாய்ப்பான கூட்டம் வேறெங்கு உண்டு?

அதுவரை, பாடசாலை விட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம் “எத்தனை புள்ளி?” என்று கேட்குமுன், “இன்று வழியில் என்ன கண்டாய்?” என்று கேட்டுப் பார்ப்போமாக. விடை உடனே வராது. சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். ஓய்வுபெற்ற நம்மிடம் நேரம் நிரம்ப உண்டு. நமது கல்லூரி வாழ்க! அதன் வாங்குகளில் இருப்போரும், இருக்க இயலாதோரும் வாழ்க!